விசி பணம் வாங்கலாமா? கோயமுத்தூரிலிருந்து ஒரு கேள்வி

பீளமேடு பேரிங் · ஞாயிறு இரவு 10.15

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

நாங்க மூணு பேர் சேர்ந்து நாலு வருஷமா ஒரு சின்னக் கம்பெனி நடத்தறோம். மோட்டார், பம்பு, கம்ப்ரஸர் மேல காந்தத்துல ஒட்டற அதிர்வு சென்சார் எங்க பொருள். பேரிங் தேய ஆரம்பிச்சா ரெண்டு மூணு வாரம் முன்னாடியே போனுக்கு எச்சரிக்கை வந்துரும். மோட்டார் நின்னு ஷிப்ட் போறதுக்கு முன்னாடி மாத்திக்கலாம். இதுவரைக்கும் 31 ஆலைல டிரையல் போட்டிருக்கோம். காசு குடுத்து வாங்குனவங்க 9 பேர். எங்களோட சேர்த்து ஏழு பேருக்குச் சம்பளம். கைல இருக்கற காசு அஞ்சு மாசம் தாங்கும்.

போன வாரம் பெங்களூர்ல ஒரு விசி பண்டு (வெஞ்சர் கேபிடல், புதுக் கம்பெனில பங்குக்குப் பணம் போடறவங்க) டேர்ம் ஷீட், அதாவது முதலீட்டு நிபந்தனைத் தாள், அனுப்பியிருக்காங்க. 4 கோடி, 20 சதவீதப் பங்கு. எங்கப்பா ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. "பங்கு குடுக்கறதும் தோட்டத்துல பாதை குடுக்கறதும் ஒண்ணுடா, அப்பறம் மறிக்க முடியாது"ங்கறாரு. என் பார்ட்னர் ரெண்டு பேரும் வாங்கிரலாம்ங்கறாங்க.

நாட்டு நிலவரம் எல்லாருக்கும் தெரியும். 2021ல இந்திய ஸ்டார்ட்அப்புகளுக்கு வந்த விசி பணம் கிட்டத்தட்ட 38 பில்லியன் டாலர். 2023ல அது 10 பில்லியனுக்கும் கீழ போயிருச்சு. 2024ல கொஞ்சம் ஏறுச்சு. அந்த வெள்ளத்துலயும் நாங்க நனையல, இந்த வறட்சிலயும் காயல. அதுனால "விசி பணம் கொங்குப் பக்கம் வர்றதில்லை"ன்னு மேடையில பேசறப்பல்லாம் எனக்கு மனசு ஒட்டறதில்லை. என்னைக் கொல்றது வேற விஷயமுங்க.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கம்பெனி பேரு வேண்டாம். ஒரு ஆலைல எட்டு மாசம் இலவச டிரையல். ஆறாவது மாசம் அவங்க ப்ளோயர் மோட்டார்ல பேரிங் போகப்போகுதுன்னு சொன்னோம். கழட்டிப் பாத்தா வெளி வளையத்துல நகக்கண் அளவு பொரிஞ்சு உரிஞ்சிருந்துச்சு. மெயின்டனன்ஸ் மேனேஜர் அதைக் கைல வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எங்க பையனைக் கட்டிப்புடிச்சாரு. அடுத்த மாசம் ஆர்டர் கேட்டா, பர்சேஸ்ல "இன்னொரு வருசம் ஓடட்டும், பாக்கலாம்". அதே வருசம் அதே ஆலை வெளிநாட்டுச் சென்சாரை மூணு மடங்கு விலைல வாங்கி மாட்டிட்டாங்க. அதுக்கு ஒரு நாள் டிரையல் கேக்கலை.

வாங்கின ஒன்பது பேரும் எனக்குத் தர வேண்டியது 38 லட்சம். அதுல 22 லட்சம் 120 நாள் தாண்டியாச்சு. அந்த 22 லட்சத்துக்கு ஜிஎஸ்டி மட்டும் மூணு லட்சத்துக்கு மேல கைக்காசுல கட்டிட்டேன்.

இப்பக் கேளுங்க. நான் விசி கிட்டப் போறது வளர்றதுக்கா, இல்ல ஊர்க்காரங்க தராத என் சொந்தக் காசுக்குப் பதிலாவா? ரெண்டாவதுன்னா, 20 சதவீதம் குடுத்து நான் வாங்கறது எங்க ஊர் ஆலைகளுக்கு வட்டியில்லாக் கடன்.

ஈரோடு ஆடிட்டர் · ஞாயிறு இரவு 11.02

தம்பி, முதலில் டேர்ம் ஷீட்டில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். லிக்விடேஷன் பிரிபரன்ஸ், அதாவது கம்பெனியை விற்றால் யார் முதலில் எவ்வளவு எடுப்பது என்பது, எப்படி எழுதியிருக்கிறது? பார்ட்டிசிபேட்டிங்கா, நான்-பார்ட்டிசிபேட்டிங்கா?

20 சதவீதம் என்பதைப் பார்த்துவிட்டு எல்லாரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உங்களுக்குத் தருவது சாதாரணப் பங்குப் பணம் இல்லை. கட்டாயம் மாறும் முன்னுரிமைப் பங்கு, சிசிபிஎஸ் என்பார்கள். நாளைக்கு நிலைமை சரியில்லாமல் கம்பெனியை 6 கோடிக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங் என்றால் அவர்கள் 4 கோடியை எடுத்துக்கொள்வார்கள், உங்களுக்கு 2. பார்ட்டிசிபேட்டிங் என்றால் 4 கோடியும் எடுத்து, மிச்சம் 2 கோடியில் 20 சதவீதமும் எடுப்பார்கள். உங்கள் பக்கம் வருவது 1.6 கோடி. கம்பெனியில் 80 சதவீதம் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். விற்ற பணத்தில் கைக்கு வருவது 27 சதவீதம்கூட இல்லை.

15 கோடிக்கு விற்றாலும் இதே கணக்குத்தான்: முதல் வகையில் அவர்களுக்கு 4, இரண்டாம் வகையில் 6.2. மதிப்பீட்டை 16 கோடி, 18 கோடி என்று பேரம் பேசுவதைவிட இந்த வரிக்குப் பேரம் பேசுங்கள்.

சட்டப் பக்கம் நிலைமை முன்னைவிட நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2012ல் கொண்டுவந்த ஏஞ்சல் டாக்ஸ் இந்தப் பகுதிச் சிறு கம்பெனிகளை எவ்வளவு அலைய விட்டது என்று எனக்குத் தெரியும். மாமனோ மச்சானோ பத்து லட்சம் போட்டு அதிக விலைக்குப் பங்கு வாங்கினால், நியாய விலைக்கு மேலே உள்ளது வருமானம் என்று நோட்டீஸ் வரும். ஜூலை 2024 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என்னிடம் வருபவர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

திருச்செங்கோடு ரிக் · திங்கள் காலை 6.20

எங்க ஊர்ல ரிக் வண்டி (போர்வெல் போடற வண்டி) எப்படி வாங்கறாங்கன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஒருத்தன் கிட்ட மொத்தக் காசும் இருக்காது. பங்காளி, மச்சான், ஒரே லைன்ல வேலை பாத்த டிரில்லர் எல்லாம் பங்கு போடுவாங்க. வண்டியோட வடக்க போறவனுக்கு உழைப்புப் பங்கு தனி. போர் தண்ணியில்லாமப் போயி, ராடு உள்ளயே மாட்டி, பார்ட்டி காசு தராம ஏமாத்தி, எல்லாம் நடக்கும். நட்டம் வந்தா பங்குக்கு ஏத்தாப்ல எல்லாரும் ஏத்துக்குவாங்க. அடுத்த வண்டிக்கு அதே ஆளுங்க மறுபடி போடுவாங்க.

எங்க தாத்தன் காலத்துல இருந்து இதுதான். இதுக்குப் பேரு வெஞ்சர் கேபிடல்னு எங்களுக்கு யாரும் சொல்லல. அதனால கொங்குக்காரன் ரிஸ்க் எடுக்க மாட்டான்ங்கற பேச்சை நான் ஒத்துக்க மாட்டேன். தனக்குப் புரியற தொழில்ல எடுப்பான். சென்சார் அவனுக்குப் புரியல, அவ்வளவுதான்.

கோபி டூ கோரமங்களா · திங்கள் காலை 9.48

நான் பெங்களூரில் ஒரு பண்டில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். உங்களுக்கு டேர்ம் ஷீட் தந்தவர்கள் நாங்கள் இல்லை, அதனால் மனம்விட்டு எழுதுகிறேன்.

ரிக் அண்ணன் சொன்னதற்கும் விசிக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ரிக் பங்குக்காரர் வண்டி மாதாமாதம் சம்பாதிப்பதில் பங்கு எடுக்கிறார். விசிக்கு உங்கள் லாபத்தில் பங்கு வேண்டாம். நீங்கள் யாருக்காவது விற்கப்பட வேண்டும், அல்லது சந்தையில் பட்டியலிடப்பட வேண்டும். அதுவும் பண்டின் ஆயுளுக்குள். பெரும்பாலும் பத்து வருடம்.

கணக்கைப் பாருங்கள். 400 கோடிப் பண்டு. எங்களுக்குப் பணம் தந்தவர்கள் மூன்று மடங்கு, அதாவது 1,200 கோடி எதிர்பார்க்கிறார்கள். 25 கம்பெனிகளில் போடுகிறோம். பாதிக்கு மேல் போட்ட பணம்கூட வராது என்று தெரிந்தேதான் போடுகிறோம். உங்களிடம் வாங்கிய 20 சதவீதம், அடுத்தடுத்த சுற்றுகளில் தேய்ந்து கடைசியில் 12 சதவீதம் ஆகும். நீங்கள் கம்பெனியை 100 கோடிக்கு விற்றால் எங்களுக்கு 12 கோடி. பண்டில் அது 3 சதவீதம். உங்கள் குடும்பத்துக்கு ஏழு தலைமுறைக்கான பணம்; எங்கள் ஆண்டறிக்கையில் ஒரு வரி. ஒரே கம்பெனியில் எங்கள் 400 கோடியும் திரும்ப வர வேண்டுமென்றால் அது 3,300 கோடிக்குப் போக வேண்டும்.

அதனால் நீங்கள் 100 கோடியில் நிம்மதியாக நிற்க விரும்பினால், எங்கள் பணம் உங்களுக்கு ஆகாது. நாங்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. மூன்றாம் வருடம் "அமெரிக்காவுக்குப் போ, விலையைக் குறை, ஆள் எடு" என்று சொல்வோம். எங்களுக்கு வேறு வழி கிடையாது.

ஊர்ப் பக்கமே இரண்டு பாதைக்கும் உதாரணம் இருக்கிறது. கோவை.கோ 2011ல் ஆரம்பித்தது, விசி பணம் வாங்கவில்லை. 2025ல் 140 ஊழியர்களுக்கு 14 கோடிக்கு மேல் போனஸ் அறிவித்தார்கள். மென்பொருள் விற்பதால், வாடிக்கையாளர் வெளிநாட்டில் முன்பணமாகக் கட்டுவதால் அது முடிந்தது. ஆம்பியர் 2008ல் கோவையில் மின் வாகனத்தில் இறங்கியது. அதைத் தொடங்கிய ஹேமலதா அண்ணாமலைக்கு வெளி முதலீடு இல்லாமல் அது முடிந்திருக்காது. ரத்தன் டாடாவே 2015ல் போட்டார். 2018ல் கிரீவ்ஸ் காட்டன் பெரும்பங்கை வாங்கியது. பிறகு பெரிய ஆலை ராணிப்பேட்டையில் வந்தது. நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்: கையில் தொட்டு விற்கும் பொருள், ஆனால் வாடிக்கையாளர் உள்ளூர்.

பீளமேடு பேரிங் · திங்கள் மதியம் 1.30

கோபி அண்ணா, இவ்வளவு வெளிப்படையா யாரும் எனக்குச் சொன்னதில்லை. டேர்ம் ஷீட் அனுப்புனவங்க கூட மூணு மீட்டிங் பேசினேன், இந்த 3,300 கோடிக் கணக்கு ஒரு தடவை கூட வரல.

ஆடிட்டர் சார், பாத்துட்டேன். பார்ட்டிசிபேட்டிங்னுதான் போட்டிருக்கு. நேத்து வரைக்கும் அந்த வரி என் கண்ணுலயே படல.

ஆனைமலைத் தென்னை · திங்கள் மாலை 4.05

நான் தென்னஞ்சர்க்கரை பண்றேனுங்க. விசி யாரும் எங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க, அதுல வருத்தமும் இல்லை. ஆனா அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன், அதுக்குத்தான் எழுத வந்தேன்.

தமிழ்நாடு அரசோட டான்சீட்ல (ஸ்டார்ட்அப்புக்குத் தர்ற தொடக்க நிதி) எனக்கு 15 லட்சம் வந்துச்சு. பொதுவா 10, பெண்கள் நடத்தறதுக்கும் கிராமப்புறத்துக்கும் பசுமைத் தொழிலுக்கும் 15. அதை நடத்தற அரசு அமைப்பு ஸ்டார்ட்அப் டிஎன் 3 சதவீதம் பங்கு எடுத்துக்கும். அந்தக் காசுலதான் ஸ்டீல் கொப்பரை, இனிப்பு அளவு பாக்கற ரிப்ராக்டோமீட்டர் எல்லாம் வாங்கினேன். வேளாண் பல்கலைக்கழக இன்குபேட்டர்ல சர்க்கரை கட்டியாகாம இருக்க ஈரப்பதம் எவ்வளவுன்னு உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. முன்னாடி நான் கையில அமுக்கிப் பாத்துத்தான் பேக் பண்ணுவேன். மழைக்காலத்துல பாதி சரக்கு பாறையாட்டத் திரும்பி வரும்.

கருவி வாங்கக் காசு கிடைக்குது. சரக்கு வாங்கக் காசு கிடைக்கறதில்லை. பதநீர் இறக்கறவருக்குச் சனிக்கிழமை கையில குடுத்தாகணும். சூப்பர் மார்க்கெட் எனக்கு 75 நாள் கழிச்சுத் தருது. நடுவுல இருக்கற அந்த 75 நாளுக்குத்தான் நான் ஏலச்சீட்டு தள்ளி எடுக்கறேன், அதுவும் பத்தாம ஒண்ணரை வட்டிக்கு வாங்கறேன். பேங்க்ல போனா வூட்டுக்காரர் பேர்ல இருக்கற காட்டுப் பத்திரம் கேக்கறாங்க. அடமானம் இல்லாமக் குடுக்கறதுக்கு சிஜிடிஎம்எஸ்ஈங்கற அரசு உத்தரவாதம் இருக்கே, 2025 ஏப்ரல்ல இருந்து 10 கோடி வரைக்கும் ஏத்தியாச்சேன்னு நானே எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் இருக்குதுங்கம்மா, பத்திரம் இருந்தா சீக்கிரம் ஆகும்"னு மேனேஜர் சொன்னாரு.

தம்பி, நீ சொல்ற 22 லட்சம் பாக்கியும் என்னோட 75 நாளும் ஒரே சீக்குதான்.

ஈரோடு ஆடிட்டர் · திங்கள் இரவு 8.40

அம்மிணி சொன்னதுதான் விஷயம். சட்டம் இருக்கிறது. உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து வருமான வரியிலும் 43பி எச் என்று ஒரு பிடி வைத்தார்கள்: கெடுவுக்குள் தராத பணத்தை, எந்த வருடம் தருகிறீர்களோ அந்த வருடம்தான் செலவாகக் காட்ட முடியும்.

2024 மார்ச் கடைசி வாரம் என் அலுவலகத்தில் போன் ஓயவில்லை. பத்து வருடப் பாக்கியெல்லாம் வசூலானது. கூடவே இன்னொன்றும் நடந்தது. சில பெரிய வாங்குநர்கள் சின்ன சப்ளையரைக் கூப்பிட்டு, "உத்யம் பதிவை எடுத்துவிடு, இல்லாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு" என்றார்கள். எடுத்தவர்களும் உண்டு. என் கட்சிக்காரர் ஒருவர் என் முன்னாலேயே உட்கார்ந்து ரத்துக் கடிதம் எழுதினார். தாமதப் பாக்கிக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம்தான். கொடுத்தால் அந்த வாடிக்கையாளர் போய்விடுவார் என்று யாருக்குத் தெரியாது?

பீளமேடு தம்பிக்கு: உங்கள் ஒன்பது பேரில் 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர் இருந்தால், அவர் ட்ரெட்ஸ் என்ற பில் தள்ளுபடி இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் உங்கள் பில்லை அதில் ஏற்றுக்கொண்டால் வங்கி உடனே தள்ளுபடியில் பணம் தரும். பங்கு எதுவும் கொடுக்க வேண்டாம். முதலில் அதைக் கேளுங்கள்.

வார்ப்படம் · திங்கள் இரவு 9.55

நான் கணபதிப் பக்கம் முப்பத்தஞ்சு வருசமா பவுண்டரி வெச்சிருக்கறவன். படிச்சுட்டே வந்தேன், மனசு கேக்கல.

எங்களைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்தறீங்க. எங்க பக்கமும் கேளுங்க. பிக் அயர்ன் விலை, கரண்டு டிமாண்ட் சார்ஜ் ரெண்டும் எங்களைக் கேட்டு ஏறறதில்லை. நான் வார்த்துக் குடுக்கற பம்புக்காரர் எனக்கு 90 நாள் கழிச்சுத் தர்றாரு. அவருக்கு டீலர் 120 நாள். டீலருக்கு விவசாயி வெள்ளாமை எடுத்த பொறவு. இந்தச் சங்கிலியில நான் மட்டும் 45 நாள்ல குடுன்னா, என் ஆளுங்களுக்கு சனிக்கிழமை சம்பளம் எங்கிருந்து வரும்?

சென்சாரை ஏன் வாங்கறதில்லைன்னும் சொல்றேன். தம்பி கம்பெனிக்கு அஞ்சு மாசம்தான் காசு இருக்குதுன்னு அவரே எழுதறாரு. நான் இருநூறு மோட்டார்ல மாட்டிட்டு, ஆறாவது மாசம் அவர் கடையச் சாத்திட்டா, நான் யாரைக் கூப்படறது? வெளிநாட்டுக்காரன் மூணு மடங்கு கேட்டாலும் பத்து வருசம் கழிச்சுப் போனை எடுப்பான். அந்த நம்பிக்கைக்குத்தான் அந்த விலை.

பீளமேடு பேரிங் · திங்கள் இரவு 10.30

ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வாங்காததாலதான் எனக்கு அஞ்சு மாசம். எனக்கு அஞ்சு மாசம்ங்கறதால நீங்க வாங்க மாட்டேங்கறீங்க. இதுல நான் எங்க கால் ஊன்றது?

இந்த ஊர்ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937ல மோட்டார் செஞ்சப்ப, அதை முதல்ல காசு குடுத்து வாங்கி மில்லுலயோ கிணத்துலயோ மாட்டுனவன் ஒருத்தன் இருந்திருப்பான்ல. அவன் பேரு எந்த விழா மலர்லயும் இல்லை. ஆனா அவன் இல்லாம இந்தப் பம்பு ஊரே இல்லைங்க. மத்திய அரசே ஸ்டார்ட்அப்புக்கு டெண்டர்ல முன் அனுபவமும் பழைய விற்றுமுதலும் கேக்க வேண்டாம்னு 2016ல தளர்த்திருச்சு. எங்க ஊர் ஆலை மட்டும் "எங்க இதுக்கு முன்னாடி போட்டிருக்கீங்க"ன்னு கேக்குது.

சேரன் மாநகர்ல சைட்டு வாங்கறதுக்கு ரெண்டு கோடி ஒரே நாள்ல பொரளுது. எனக்கு அந்த ரெண்டு கோடி வேண்டாம். ரெண்டு லட்சத்துக்கு ஒரு பர்சேஸ் ஆர்டர், 45 நாள்ல காசு. இந்த ஊர்ல அம்பது பவுண்டரி அப்படிக் குடுத்தா நான் பெங்களூர் பஸ்ஸே ஏற வேண்டாம்.

கோபி டூ கோரமங்களா · செவ்வாய் காலை 8.15

ஒரு திருத்தம். அந்த ஐம்பது ஆர்டர் இருந்தால் பெங்களூரில் உங்களுக்கு மதிப்பீடு இரண்டு மடங்காகும், பார்ட்டிசிபேட்டிங் வரியைக் கேட்கவும் மாட்டார்கள். எங்கள் மேஜைக்கு வரும் கோவைக் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றில் பொருள் நன்றாக இருக்கிறது. கடன் வசூல் பக்கத்தைத் திறந்ததும் மூடிவிடுகிறோம். சந்தை சரியில்லை என்று எழுதுவோம். உண்மையில் சரியில்லாதது பாக்கிப் பட்டியல்.

வார்ப்படம் · செவ்வாய் காலை 11.20

ராத்திரி பூராத் தூக்கமில்லை தம்பி. 1991ல நான் மொதல் உலை போட்டப்ப ஒரு மோட்டார் கம்பெனிக்காரர் எனக்கு அட்வான்ஸ் குடுத்து என்ட் கவர் ஆர்டர் தந்தாரு. என் பாட்டர்ன் சரியில்லாம மொதல் லாட்ல பாதி ரிஜெக்ட். கூப்பிட்டு வெச்சுத் திட்டிட்டு, ரெண்டாவது லாட்டுக்கும் அட்வான்ஸ் குடுத்தாரு. அதை நான் மறந்துட்டேன்னு இப்பத் தெரியுது.

வெள்ளிக்கிழமை வாங்க. ஆறு மோட்டாரும் சேண்ட் மிக்ஸரும். டிரையல் வேண்டாம், பில்லு போடுங்க. 30 சதவீதம் முன்னாடி, மிச்சம் 45 நாள். ஆனா ஒரு நிபந்தனை. நீங்க கடை சாத்துனாலும் சென்சார் டேட்டாவை என் கம்ப்யூட்டர்லயே பாக்கறாப்ல பண்ணிக் குடுக்கணும். அதை எழுதிக் குடுங்க.

ஈரோடு ஆடிட்டர் · செவ்வாய் மதியம் 12.05

ஐயா கேட்பது மிக நியாயம். தம்பி, இதை எல்லா ஆர்டரிலும் போடுங்கள். "நிறுவனம் சேவையை நிறுத்த நேர்ந்தால் 30 நாளுக்குள் மென்பொருளின் உள்ளூர்ப் பிரதியும் தரவும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்படும்" என்று தனிப் பிரிவாக எழுதலாம். வரைவு நான் அனுப்புகிறேன். கட்டணம் வேண்டாம்.

திருச்செங்கோடு ரிக் · செவ்வாய் மாலை 7.10

ரிக் கம்ப்ரஸருக்கு உங்க சென்சார் தாங்குமா? ஆட்டமும் தூசியும் அங்க வேற மாதிரி. தாங்கும்னா சொல்லுங்க, எங்க வண்டி ரெண்டு அடுத்த மாசம் ஊருக்கு வருது.

பீளமேடு பேரிங் · சனி இரவு 9.30

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லிடறேன்.

நேத்து ஐயா பவுண்டரிக்குப் போனோம். ஏழு இடத்துலயும் மாட்டியாச்சு, அட்வான்ஸ் அங்கயே அக்கவுண்டுக்கு வந்துருச்சு. அங்க ஒரு பழைய பிட்டர் இருக்காரு. நாங்க லேப்டாப்பைத் திறக்கறதுக்குள்ள, நீளமான ஸ்க்ரூ டிரைவரோட முனையை பேரிங் ஹவுசிங் மேல வெச்சு, கைப்பிடியைக் காதோரம் வெச்சுக் கேட்டுட்டு நாலாவது மோட்டாரைக் காட்டுனாரு. "பேரிங் நல்லாருக்கு, கப்ளிங் சாஞ்சிருக்கு." எங்க திரையில அந்த மோட்டார் வெறும் மஞ்சள்தான் காட்டுச்சு, காரணம் சொல்லல. டயல் கேஜ் வெச்சுப் பாத்தா அவரு சொன்னதுதான் சரி. அந்த அலைவரிசைல கப்ளிங் கோளாறைத் தனியாப் பிரிக்கற வேலையை இன்னைக்கே ஆரம்பிச்சுட்டோம். மாசம் ரெண்டு நாள் எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வர முடியுமான்னு அவரைக் கேட்டிருக்கோம், காசு குடுத்துத்தான்.

பெங்களூருக்குப் பதில் எழுதிட்டேன். 1.5 கோடி போதும், நான்-பார்ட்டிசிபேட்டிங், அதுவும் மூணு மாசம் கழிச்சுப் பேசலாம்னு. இன்னும் பதில் வரல. பாக்கி வெச்சிருக்கற ஒன்பது பேர்ல ரெண்டு பேரு 250 கோடிக்கு மேல. ட்ரெட்ஸ் பத்தித் திங்கக்கிழமை நேர்ல போய்க் கேக்கறேன்.

ரிக் அண்ணா, கம்ப்ரஸருக்கு இப்ப இருக்கற காந்தம் நிக்காது. ஸ்டட் போட்டு முறுக்கற மாதிரி அடிப்பாகம் ஒண்ணு வேணும். வண்டி என்னைக்கு ஊருக்கு வருதுன்னு தேதி சொல்லுங்க, அதுக்குள்ள லேத்துல ரெண்டு கடைஞ்சு வெச்சிடறேன்.